இடப்பக்கத்துப் பட்டன்

நான் நாடகத்துக்கு வந்த கதையை இரண்டு விதமாகச் சொல்வேன். மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்கள் கேட்டால் சிறுவயதிலிருந்தே கலையார்வம் என்பேன். தெரிந்தவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்வேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலை போய்விட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தரகர் வருகிற நேரத்தில் வீட்டில் இல்லாமலிருக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒரு டியூஷன் சென்டர் சுவரில் ‘நடிப்புப் பயிற்சி, கட்டணம் இல்லை’ என்று ஒட்டியிருந்தார்கள். மாடியேறிவிட்டேன்.

மேலே பன்னிரண்டு பேர் தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடுவதற்கெல்லாமா வகுப்பு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐடி கம்பெனி ஆட்கள். ஈரோடு, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று எங்கிருந்தோ வந்து இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருந்தார்கள். குழுவை நடத்தியவர் மதுரைக்காரர். முப்பத்து நான்கு வயது, அவரும் ஐடிதான். வாரத்தில் ஐந்து நாள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார், மீதி இரண்டு நாள் எங்களைத் தரையில் உருளச் சொல்வார். நாங்கள் அவரை அண்ணா என்று கூப்பிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரி நான் ஒருத்திதான். ஆவடிக்குப் பக்கத்தில், பாதி வீட்டுக்கு மேல்பூச்சு இல்லாத தெரு எங்களுடையது. அப்பா ஒரு காலத்தில் செம்பரம்பாக்கத்துப் பக்கம் கழனி வேலைக்குப் போனவர், இப்போது குடோனில் சுமை இறக்குகிறார். நான் வாயைத் திறந்தாலே குழுவில் எல்லோருக்கும் குஷி. “உன் ஸ்லாங் செம” என்பார்கள். அவர்கள் எழுதுகிற நாடகங்களில் கூலிக்காரி, குழாயடிச் சண்டைக்காரி, கணவனிடம் அடிவாங்குகிறவள் என்று யார் வந்தாலும் அந்த வேடம் எனக்குத்தான். ராணி வேடம் ஈரோட்டுப் பெண்ணுக்குப் போகும். எனக்குக் கோபம் வரும், ஆனால் கைதட்டல் எனக்குத்தான் அதிகம் விழுந்ததால் பொத்திக்கொண்டிருந்தேன்.

பயிற்சி என்றால் என்னென்னவோ செய்தோம். குரலைத் திறக்க வேண்டும் என்று ஏரிக்குப் பக்கத்தில் கல் நட்டுப் பிரித்துவைத்திருந்த மனைகளுக்கு விடியற்காலையில் கூட்டிப்போனார் அண்ணன். மனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அங்கிருந்த காவலாளி முதல் நாள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் வரிசையாக நின்று கத்த ஆரம்பித்ததும் துரத்தினார். பிறகு பூந்தமல்லியில், மெட்ரோவுக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தை மீறி வசனம் பேசிப் பழகினோம். பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் ஒரே ஆளைக் கவனித்து, அவருடைய உடம்பை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது இன்னொரு பயிற்சி. மற்றவர்கள் குடிகாரனையும் பிச்சைக்காரனையும் கொண்டுவந்தார்கள். உட்கார இடமில்லையென்று ஐந்து பஸ்ஸை விட்டுவிட்டு, ஆறாவதில் நின்றுகொண்டே போன ஒரு கர்ப்பிணியை நான் கொண்டுவந்தேன். அன்றைக்கு அண்ணன் என்னை முதல்முறையாகக் கூர்ந்து பார்த்தார்.

எனக்கு வராத பயிற்சி ஒன்று இருந்தது. இரண்டு பேர் ஒத்திகை இல்லாமல் நடிப்போம். எதிரில் நிற்பவர் எதைக் கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘உங்கள் வீடு பற்றி எரிகிறது’ என்று அவர் சொன்னால் எரிகிறது என்றுதான் அர்த்தம். இல்லை என்று சொல்லக்கூடாது, கிண்டலடித்து நழுவவும் கூடாது. நான் நழுவிவிடுவேன். “எரியட்டும், குளிரா கீது” என்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எதிரில் நிற்பவர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். எங்கள் தெருவில் உடனே திருப்பிக் கொடுக்காதவர்களை மென்று தின்றுவிடுவார்கள். அதனால் அது எனக்குப் பிறவிப் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது.

“ஒன் வாய் ஒன்னயக் காப்பாத்துது. எதிர்ல நிக்கிற ஆளக் கைவிட்டுருது. அது புரியுதா ஒனக்கு?” என்று அண்ணன் ஒருநாள் கடுப்பாகவே கேட்டார்.

புரிகிறது என்று தலையாட்டினேன். புரியவில்லை.

யாரைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொண்டாய் என்று பேட்டிகளில் கேட்கும்போது நான் பெரிய பெயர்களைச் சொன்னதுண்டு. அவர்களில் பாதிப் பேரின் நாடகத்தை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்துப் பார்த்துத் திருடியது எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளியிருந்த ஓர் அக்காவிடமிருந்து. அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். அம்பத்தூரில் ஒரு பட்டறையில், தகட்டை அழுத்தி வில்லை வில்லையாக வெட்டுகிற பிரஸ் மிஷினில் பதினோரு வருடமாக வேலை. கணவர் எங்கோ இருந்தார், வருவதில்லை. படிக்கிற பெண்கள் இரண்டு பேர். தண்ணீர் லாரிக்காக நாங்கள் குடத்தோடு நிற்கும்போது அக்கா தன் பட்டறையை எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். சூப்பர்வைசர் எப்படி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வருவான், மேனேஜர் வந்ததும் அதே கை எப்படிப் பின்னால் போய்விடும், டார்கெட் முடிக்காதவளை அவன் எப்படி நிமிர்ந்து பார்க்காமலே திட்டுவான் என்று ஒன்றுவிடாமல் செய்வாள். வரிசையில் நிற்கிறவர்கள் குடத்தை மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளுடைய தோளையும், நிற்கிற விதத்தையும், வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுகிற பழக்கத்தையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மாடியில் விற்றேன். அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் குழுவின் ஹாலுக்கும் விளக்குக்கும் வழிசெய்தது கம்பெனி நாடகங்கள்தான். பாதுகாப்பு வாரம் வந்தால் பாடியிலிருந்து அம்பத்தூர்வரை தொழிற்சாலைகளில் எங்களுக்குக் கிராக்கி. அரை மணி நேர நகைச்சுவை நாடகம், அதில் ஒரு விபத்து, கடைசியில் அறிவுரை. எழுதியதை முன்கூட்டியே கம்பெனி அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும். அவர்கள் திருத்தித் தருவார்கள். திருத்தி வருகிற எல்லாவற்றிலும் விபத்துக்குக் காரணம் ஒன்றேதான். தொழிலாளி செல்போன் பார்த்தாள், சீரியலை நினைத்துக்கொண்டாள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாள். மிஷின் பழசு என்று ஒரு வரி எழுதியிருந்தோம், அது மட்டும் எல்லாக் கம்பெனியிலிருந்தும் அடிபட்டுத் திரும்பி வந்தது.

அந்தக் கவனமில்லாத பெண்ணாக நான் நடித்தேன். சந்தோஷமாகத்தான் நடித்தேன், மறைப்பதற்கில்லை. அக்காவின் உடம்பை வைத்துக்கொண்டு அசடு வழிவேன், கூட்டம் ஆர்ப்பரிக்கும். முடிந்ததும் மூன்று வேலை உண்டு. வந்தவர்களிடம் வருகைத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்கள் சரியாகச் செய்து காட்டுவதுபோலப் போட்டோ எடுக்க வேண்டும். ‘பங்கேற்பாளர்கள் பாதுகாப்பான இயக்க முறையைப் புரிந்துகொண்டு செய்து காட்டினர்’ என்று ஏற்கெனவே அச்சடித்த அறிக்கையில் பயிற்சியாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் என்று அச்சில் பார்க்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வருடம் அக்காவின் பட்டறையிலேயே எங்களைக் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாக ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். அறுபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். முன்வரிசை நாற்காலிகளில் மேனேஜர், பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற அதிகாரி, அக்கா நடித்துக் காட்டுவாளே அந்த சூப்பர்வைசர். நேரில் பார்த்தபோது அக்கா அவனைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்தியிருக்கவில்லை என்று தெரிந்தது. நாடகம் முடிந்து, “யாராவது ஒருத்தர் மேல வந்து நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு காட்டுங்க” என்றேன். வழக்கமாக ஒருத்தரும் வரமாட்டார்கள், நாங்கள்தான் யாரையாவது கையைப் பிடித்து இழுப்போம். அன்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டாள். நம் தெருப் பெண் மேடையில் நிற்கிறாளே, அவமானப்பட்டுவிடக்கூடாது என்று உதவிக்கு வருகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால்தான் மேலிருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குக் கீழே கை இருக்க முடியாது அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. நாங்கள் பட்டனுக்குப் பதிலாக இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தோம்.

அக்கா ஸ்டூல்களுக்கு நடுவில் போய் நின்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். அப்புறம் இடது பக்கமாகத் திரும்பி, பக்கத்தில் யாரோ நிற்பதுபோலத் தலையை லேசாகத் தாழ்த்தி, கையை நீட்டி எதையோ வாங்கினாள். வாங்கியது நீளமாக, இழுத்தால் நீளக்கூடியதாக இருந்தது. அதை இடது ஸ்டூலைச் சுற்றி இரண்டு சுற்று இழுத்துக் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் என்று அறுபது பேருக்கும் தெரிந்துவிட்டது. இடது பட்டனை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவிட்டால் இடது கைக்கு விடுதலை. அந்தக் கையால் தகட்டை வைப்பது, வலது கையால் அழுத்துவது, இடது கையால் எடுப்பது, வைப்பது, அழுத்துவது. ஒரு மணி நேரத்தில் செய்கிற வேலையை முக்கால் மணியில் முடித்துவிடலாம். அக்கா செய்துகொண்டே போனாள், வேகம் கூடிக்கொண்டே போனது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. அதுவரை நான் மாடியில் கற்றது, மேடையில் பார்த்தது எதிலும் அப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். மேனேஜரின் முகம் இறுகியிருந்தது. அதிகாரி அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, பட்டனுக்குத் தூளி கட்டிகினு கீற? அது தூங்கிட்சின்னா ஒன் டார்கெட்ட யாரு முடிப்பா?” என்றேன்.

கூடம் வெடித்துச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். சூப்பர்வைசர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நான் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, இரண்டு ஸ்டூல்களின்மேல் பதியவைத்து, “ரெண்டு கை! ரெண்டு பட்டன்!” என்று கத்தினேன். எங்கள் நாடகத்தின் கோஷம் அது. கூட்டமும் திருப்பிக் கத்தியது. அண்ணன் போட்டோ எடுத்தார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு போட்டோவுக்காகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். “நல்லா பண்ண பாப்பா” என்றாள். வேறொன்றும் பேசவில்லை. களைப்பாக இருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, எங்கள் பெரிய நாடகத்தின் ஒத்திகையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். முதல்முறையாக எனக்கு முக்கிய வேடம், ஒரு மில் தொழிலாளிப் பெண். அக்காவின் கை மிஷினில் மாட்டிக்கொண்டது என்று அம்மா சொன்னதும் நான் இடது கையா என்றுதான் கேட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள் அம்மா.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கட்டுப் பிரித்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தக் கையைக் காதோரம் வைத்து, “அலோ, யாரு பேசறது? ஐயே, லைன் சரியா கெடைக்கல” என்றாள். போன் பேசுவதுபோலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அழுதேன். அவள் அழவில்லை.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பிரஸ்ஸில் இனி முடியாது, பேக்கிங்கிலோ செக்கிங்கிலோ போடுங்கள், ஒரு கையால் செய்கிற வேலை அங்கே எவ்வளவோ இருக்கிறது. பதினோரு வருடம் உழைத்தவளுக்கு இதுகூடச் செய்யமாட்டார்களா என்று தெருவே பேசிக்கொண்டது. பதிலுக்கு ஒரு கவர் வந்தது. படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் எடுத்துவந்தாள். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ததாக அவள்மேல் குற்றச்சாட்டு. கம்பெனிக்குள்ளேயே விசாரணை நடக்கும், நிரூபணமானால் வேலை நீக்கம். அவளுக்கு முறையான பயிற்சி தரப்பட்டிருந்தது என்பதற்கு ஆதாரமாக மூன்று தாள்களை இணைத்திருந்தார்கள்.

முதலாவது வருகைத் தாள், அக்காவின் கையெழுத்தோடு. இரண்டாவது போட்டோ. இரண்டு உள்ளங்கையும் ஸ்டூல்களின்மேல், பத்து விரலும் தெரிய, சிரித்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் நான். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பட்டறையின் அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்தார்கள் என்றும், விபத்துக்குப் பிறகும் கழற்றவில்லை என்றும் அக்கா சொன்னாள். மூன்றாவது என் அறிக்கை.

“இது உன் கையெழுத்தா பாப்பா? அழகா கீது” என்றாள்.

குத்திக்காட்டினாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் முகத்தைப் படிப்பதுதான் என் தொழில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அந்தக் கூடத்தில் இருந்த அறுபது பேரில் ஒருத்தியும் சாட்சிக்கு வரமாட்டாள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அவர்களுக்கும் அதே பட்டறையில்தான் சோறு. வெளியாள் நான் ஒருத்திதான். வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷமா என்று தெரியவில்லை, “சரி” என்றாள்.

அண்ணனிடம் சொன்னபோது “போகாதன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா இதுக்கப்புறம் ஒரு கம்பெனியும் நம்மளக் கூப்புடாது. ஹால் போயிரும். நாடகம் அடுத்த மாசம்” என்றார்.

“அன்னிக்கு அவங்க கட்டிக் காட்டுனத நீங்களும் பாத்தீங்கதானண்ணா? போட்டோ எடுத்தீங்களா?”

“அதுக்கு அப்புறந்தான் எடுத்தேன். அவுங்க கேட்ட போட்டோ அதுதான” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் கத்திவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்ததைவிட அவர் செய்தது குறைவு என்று நான்காம் நாள்தான் உறைத்தது. அவர் அப்போது கேமராவைத் தூக்காமல் இருந்தார், அவ்வளவுதான். பேசியது நான்.

விசாரணைக்கு நான் தயார் செய்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வார்த்தையில் சொன்னால் எடுபடாது, அக்கா செய்ததை அப்படியே செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேறெதுவும் தெரியாது, என்னிடம் இருந்த ஒரே சரக்கு அதுதான்.

மீட்டிங் அறையில் நீளமான மேசை. விசாரணை நடத்த ஒரு வக்கீலை வெளியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். வயதானவர், மரியாதையாகப் பேசினார். கம்பெனி தரப்பில் அந்த அதிகாரி. எதிரில் அக்கா, கையை மடியில் முந்தானைக்கு அடியில் வைத்துக்கொண்டு. நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். வக்கீல் தயங்கிவிட்டுச் சரியென்றார். எழுந்து நின்று செய்தேன். தலையைத் தாழ்த்தியது, வாங்கியது, சுற்றியது, பல்லால் இறுக்கியது, அந்த வேகம் எல்லாவற்றையும் செய்தேன். முடித்தபோது டைப் செய்துகொண்டிருந்த பெண் டைப் செய்வதை நிறுத்தியிருந்தாள். நன்றாக நடித்தேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில்கூட அது எனக்குத் தெரிந்தது.

“டியூபை யாரிடமிருந்தோ வாங்குவதுபோலச் செய்தீர்களே, யாரிடமிருந்து?” என்று வக்கீல் கேட்டார்.

“தெரியாது சார். பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி...”

“யாரோ என்று எழுத முடியாதம்மா. அன்றைக்கு இவர் பெயர் எதுவும் சொன்னாரா?”

“இல்ல சார்.”

“நீங்கள் கேட்டீர்களா?”

“இல்ல.”

கம்பெனி அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. “பட்டனைக் கட்டுவது எப்படின்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது, இல்லையா மேடம்?” என்றார்.

“ஆமா.”

“அது தப்புன்னு நீங்க அவங்களுக்கு உணர்த்தினீங்க. அவங்க கையை எடுத்துச் சரியான இடத்துல வெச்சீங்க. அறுபது பேர் பார்க்க.”

நான் வாயைத் திறந்தேன். தெருவில் யார் எதைச் சொன்னாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கிற வாய் அது. ஒன்றும் வரவில்லை.

“ஆமாவா, இல்லையா மேடம்?”

“ஆமா.”

“அப்போ, விபத்துக்கு நாலு மாசம் முன்னாடியே அவங்களுக்கு நேரடியா எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருக்கு. நன்றி மேடம். இது இதுவரைக்கும் எங்க ரெக்கார்டுல இல்லாம இருந்தது” என்று அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

அக்காவைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அத்தனையும் உண்மை, அத்தனையும் அவளுக்கு எதிராகப் பதிவானது. அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கம்பெனியின் குற்றச்சாட்டில் இருந்த ஓட்டையையும் நான் அடைத்துக் கொடுத்தேன். கேலியாகச் சொன்ன ஒரு வரி அன்று எச்சரிக்கையாகிவிட்டது.

அடுத்த மாதம் எங்கள் பெரிய நாடகம் நடந்தது. கம்பெனிகளுக்கு என்மேல் கோபம் எதுவும் வரவில்லை, ஏன் வரப்போகிறது? ஹாலும் போகவில்லை. மில் தொழிலாளிப் பெண்ணாக நடித்ததற்கு என்னை எழுந்து நின்று பாராட்டினார்கள். உழைப்பவர்களின் வலியை உடம்பால் பேசுகிற நடிகை என்று ஒருவர் எழுதினார். அந்தத் தாளை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், நான் படிப்பதில்லை. கம்பெனி நாடகங்களுக்கு அதன்பிறகு நான் போகவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எனக்குப் பதிலாக வேறொரு பெண் போகிறாள்.

நாடகம் முடிந்த வாரத்தில் ஒரு மதியம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் இன்னொரு கவர். பிரித்துப் படித்தேன். குற்றச்சாட்டு நிரூபணமானது, அன்றிலிருந்து வேலை நீக்கம். என் சாட்சியத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள், அந்த வரியையும் விடாமல் படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி, ஒரு கையால் நான்காக மடிக்கப் பார்த்தாள். மடிப்பு நிற்கவில்லை. நான் மடித்துக் கொடுத்தேன்.

“மன்னிச்சுக்கக்கா” என்றேன்.

“நீ இன்னா பண்ணுவ பாப்பா, உண்மையத்தான சொன்ன” என்றாள். “ஆனா ஒண்ணு. அன்னிக்கி நா எதுக்கு எழுந்து வந்தேன்னு நெனச்ச?”

எனக்கு உதவத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

“அப்பவே ஆறு மாசமா அந்த ரப்பர கட்டிகினுதான் வேல செஞ்சிகினு இருந்தோம். யார்கிட்ட சொல்றது? சொன்னா மறுநாளு கேட்டுக்குள்ள உட மாட்டான். நீ வந்து எப்படி வேல செய்வீங்கன்னு காட்டுங்கன்ன. மேனேஜரு எதிர்ல ஒக்காந்துகினு கீறாரு, இடுப்புல கைவெச்சிகினு வருவானே, அவனும் ஒக்காந்துகினு கீறான். நாடகம்தான, நாடகத்துல இன்னா வேணாலும் சொல்லலாம்னு வந்தேன். கைய நீட்டி வாங்குனேன் பாரு, அப்ப நீ ‘யாருக்கா குட்த்தாங்க’ன்னு கேப்பேன்னு பாத்துகினே இருந்தேன். அறுபது பேரு எதிர்ல சொன்னா மறைக்க முடியாது, விசாரணையில நா ஒருத்தி சொன்னா யாரு எழுதிக்குவா? நம்ம தெருப் பொண்ணு, கேட்டுடும்னு நெனச்சேன். பேரு நாக்கு நுனில இருந்திச்சி.”

அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. இத்தனை வருடம் நான் கற்றது முழுக்க அந்த ஒரு கேள்விக்காகத்தான், அதைக் கேட்க எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் கைதட்டல் வாங்கினேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“இப்பதான் கேளேன்” என்றாள் அக்கா.

“யாருக்கா குட்த்தாங்க?” என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடத்தில் அறுபது பேருக்குக் கேட்கும்படியான குரலில், பெயரைச் சொன்னாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.